எண்ணிக்கையும் இரத்தக்கசிவும்: தட்டணு, பிளாஸ்மா சிகிச்சைகளைக் குறித்து

உறையாமல் தடுக்கும் மருந்து சேர்த்த குழாயில் மனித இரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் படிய, வெளிர்மஞ்சள் நிறத் தெளிநீர்மம் மேலே பிரிந்து நிற்க, இரண்டுக்கும் இடையில் மெல்லிய வெண்படலம் ஒன்று தோன்றும். மேலே நிற்கும் நீர்மமே பிளாஸ்மா. தமிழில் குருதி நீர்மம் என்றும் அது வழங்கப்படுகிறது. இரத்தத்தின் கன அளவில் ஏறத்தாழ 55 விழுக்காடாக அமையும் இந்நீர்மத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீரே என்றாலும், அதில் கரைந்துள்ள புரதங்களே மருத்துவத்துக்கு உரியவை: நீரைக் குழாய்களுக்குள் பிடித்துவைக்கும் ஆல்புமின், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின்கள், இரத்தத்தை உறையச் செய்யும் ஃபைப்ரினோஜன் முதலான உறைதல் காரணிகள். நடுவில் உள்ள வெண்படலத்தில் வெள்ளையணுக்களோடு கலந்து கிடப்பவை தட்டணுக்கள், அதாவது மருத்துவமனை வழக்கில் பிளேட்லெட். எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் என்னும் பேரணுக்களிலிருந்து உதிர்ந்துவரும் இத்துணுக்குகளுக்கு உட்கரு கிடையாது. ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் வரையே அவை வாழ்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருப்பது இயல்பு.

இந்த எண்ணிக்கை குறைவதற்கு வழிகள் பல. மஜ்ஜை தட்டணுக்களை உருவாக்காமல் போகலாம். உருவானவை எதிர்ப்பொருள்களால் அழிக்கப்படலாம். உடலுக்குள் ஆங்காங்கே தோன்றும் நுண் உறைவுகளில் அவை செலவாகிவிடலாம். வீங்கிய மண்ணீரலுக்குள் தேங்கியும் போகலாம். பரிசோதனைக் கூடம் தரும் சீட்டில் இவை நான்கும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். சீட்டில் 15,000 என்று எழுதியிருக்கும் நால்வருக்கு நான்கு வேறு சிகிச்சைகள் தேவைப்படலாம். அவர்களில் ஒருவருக்குத் தட்டணு உயிர்காக்கும், இன்னொருவருக்கு வீணாகும், மற்றொருவருக்குத் தீங்கும் செய்யலாம். பிளாஸ்மாவின் நிலையும் இதுவே. இவ்வுரை இந்த வேறுபாட்டையே தொடர்ந்து செல்கிறது.

தட்டணுக்களை இரத்தத்தின் தனி உறுப்பாக அடையாளம் கண்டு, காயம்பட்ட குழாயின் சுவரில் அவை ஒட்டித் திரளுவதை 1882ஆம் ஆண்டில் விளக்கியவர் இத்தாலியரான ஜூலியோ பிட்சோட்செரோ. அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக் 1910இல் வெளியிட்ட ஆய்வில், தட்டணு குறைந்து இரத்தக்கசிவால் வாடிய நோயாளிகளுக்குப் புதிய இரத்தம் செலுத்தப்பட்டதும் எண்ணிக்கை உயர்ந்து கசிவு நின்றதும், செலுத்திய தட்டணுக்கள் மறைந்ததும் கசிவு திரும்பியதும் பதிவாகியுள்ளன. கொள்கை அன்றே தெளிவாகிவிட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வர மேலும் அரை நூற்றாண்டு ஆனது. கண்ணாடிப் புட்டிகளின் சுவரில் ஒட்டி அழிந்துபோகும் தன்மை தட்டணுக்களுக்கு இருந்ததால், பிளாஸ்டிக் பைகள் பரவிய பின்னரே அவற்றைத் தனியே பிரித்துச் சேமிப்பது எளிதாயிற்று.

அதற்குள் இரத்தப் புற்றுநோய் மருத்துவம் இந்தச் சிகிச்சையை வற்புறுத்திக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தது. புற்றணுக்களைக் கொல்லும் மருந்துகள் மஜ்ஜையையும் வறளச் செய்வதால், 1950களில் லூக்கேமியா நோயாளிகள் பலர் நோயின் நேரடித் தாக்குதலால் அன்றி இரத்தக்கசிவாலேயே இறந்தனர். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் ஃப்ரைரைக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1962இல் வெளியிட்ட ஆய்வு, எண்ணிக்கை குறையக் குறையக் கசிவு மிகுவதைக் காட்டியதே தவிர, ‘இதற்குக் கீழே போனால் ஆபத்து’ என்று கோடு கிழிக்கவில்லை. இருப்பினும் மருத்துவ உலகம் அந்த வரைபடத்திலிருந்து 20,000 என்னும் ஒரு கோட்டைத் தானாகவே வரைந்துகொண்டது. அக்காலத்தில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கும் வழக்கம் இருந்தது என்பதையும், அம்மருந்து தட்டணுக்களைச் செயலிழக்கச் செய்யும் என்பதையும் நினைத்தால், அந்தக் கோடு எவ்வளவு தளர்வான மண்ணில் கிழிக்கப்பட்டது என்பது விளங்கும்.

இத்தாலியில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு, கோட்டை 10,000க்கு இறக்கினாலும் பெருங்கசிவு கூடவில்லை என்றும், தட்டணுச் செலவு ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது என்றும் கண்டது. இன்று மஜ்ஜை செயலிழந்த நோயாளிக்கு, கசிவு எதுவும் தொடங்காத நிலையிலும் முன்காப்பாகத் தட்டணு செலுத்த 10,000 என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட எல்லை. முன்காப்பே தேவையில்லை, கசிவு வந்தபின் கொடுத்தால் போதும் என்ற எண்ணமும் சோதிக்கப்பட்டது; பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 600 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், முன்காப்புப் பெற்றோரில் 43 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 50 விழுக்காட்டினருக்கும் குறிப்பிடத்தக்க கசிவு ஏற்பட்டது. முன்காப்பு பயனுள்ளதுதான்; ஆனால் அது பெற்றவர்களிலும் ஐவரில் இருவருக்குக் கசிவு வந்தது என்பது, கசிவுக்கு எண்ணிக்கை மட்டுமே காரணம் அன்று என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

மருத்துவமனைத் தாழ்வாரங்களில் உறவினர்கள் காதில் விழும் இரண்டு சொற்கள் ஆர்.டி.பி., எஸ்.டி.பி. என்பன. கொடையாளர் ஒருவர் வழக்கமாகத் தரும் ஒரு பை இரத்தத்திலிருந்து பிரிக்கப்படுவது ஆர்.டி.பி.; ஐம்பது முதல் எழுபது மில்லிலிட்டர் அளவே உள்ள அப்பை, வளர்ந்த ஒருவரின் எண்ணிக்கையை ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் வரை உயர்த்தும் என்பதால், நான்கைந்து பேர் தந்த பைகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும். எஸ்.டி.பி. என்பது ஒரே கொடையாளரை அஃபெரிசிஸ் எனப்படும் எந்திரத்தோடு இணைத்து, இரத்தத்தைச் சுற்றவிட்டுத் தட்டணுக்களை மட்டும் வடித்தெடுத்து, மற்றவற்றை அவர் உடலுக்கே திருப்பி அனுப்பும் முறை. அதில் கிடைக்கும் ஒரு பை எண்ணிக்கையை முப்பதாயிரம் அல்லது அதற்கு மேலும் உயர்த்தக்கூடும். இரண்டும் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இடைவிடாமல் அசைந்துகொண்டிருக்கும் தட்டுகளில் வைக்கப்பட்டு, ஐந்து நாளுக்குள் பயன்படுத்தப்பட வேண்டும். குளிரூட்டாத பையில் பாக்டீரியா பெருகும் வாய்ப்பு மிகுதி என்பதால் காலக்கெடு இவ்வளவு குறுகியது. தொடர் விடுமுறைக்குப் பின் இரத்த வங்கிகளில் தட்டணுப் பஞ்சம் தலைகாட்டுவதற்கும் இதுவே காரணம்.

பெரிய அறுவை சிகிச்சைக்கு 50,000, மூளையிலும் கண்ணின் உட்பகுதியிலும் செய்யும் அறுவைக்கு ஒரு லட்சம் என எல்லைகள் வழக்கில் உள்ளன. மிகுதியாகக் கொடுப்பது எப்போதும் பாதுகாப்பே என்ற நம்பிக்கையை இரண்டு ஆய்வுகள் அசைத்தன. குறைமாதத்தில் பிறந்த 660 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், 50,000க்குக் கீழே வந்ததும் தட்டணு பெற்ற குழந்தைகளில் 26 விழுக்காட்டினருக்கு இறப்போ பெருங்கசிவோ நேர்ந்தது. 25,000 வரை காத்திருந்து பெற்ற குழந்தைகளில் அது 19 விழுக்காடாகவே இருந்தது. ஆஸ்பிரின் போன்ற மருந்து உட்கொண்டிருந்த நிலையில் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டோருக்குத் தட்டணு கொடுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வில், பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைக் காட்டிலும் மோசமானது. இவ்விளைவுகளின் முழுக் காரணம் இன்னும் விவாதத்தில் உள்ளது; தட்டணு உறைதலுக்கு மட்டுமின்றி அழற்சிக்கும் துணைபோகும் அணு என்பது அவ்விவாதத்தின் மையம்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தட்டணு என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது டெங்கு. மழைக்காலம் முடியும் தறுவாயில் காய்ச்சல் வார்டுகளில் நாளுக்கு இருமுறை எடுக்கப்படும் எண்ணிக்கை, கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைப் போல உறவினர்களிடையே பரவுவதும், அது 40,000க்கு இறங்கியதும் கொடையாளரைத் தேடிக் கைப்பேசிகள் ஒலிப்பதும் பழக்கப்பட்ட காட்சிகள். ஆனால் டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அன்று. நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா வெளியே கசிந்து, நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்க, குழாய்களுக்குள் இரத்தம் செறிவடைந்து, அழுத்தம் சரிந்து ஏற்படும் அதிர்ச்சி நிலையே முதன்மையான ஆபத்து. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில் இக்கட்டம் வருகிறது. ‘காய்ச்சல் விட்டுவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று வீடு நிம்மதியடையும் நேரமே கூர்ந்து கவனிக்க வேண்டிய நேரமாக அமைவது இந்நோயின் வஞ்சகம்.

ஆகவே டெங்கு நோயாளியின் சீட்டில் தட்டணு வரிசைக்குச் சற்று மேலே அல்லது கீழே அச்சாகியிருக்கும் ஹீமடோகிரிட் என்னும் அளவு, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் பங்கின் விழுக்காடு, அதைவிட முக்கியமானது. அது நோயாளியின் வழக்கமான அளவைவிட 20 விழுக்காடு உயர்ந்தால் பிளாஸ்மா கசிகிறது என்று பொருள். அதற்கான மருந்து அளவறிந்து ஏற்றப்படும் உப்புநீர்க் கரைசலே. தட்டணுவின் பயனைச் சோதித்த ஆய்வு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியாயிற்று. எண்ணிக்கை 20,000க்கு மேற்படாத, பெருங்கசிவு இல்லாத 372 பேரில் ஒரு பாதிக்குத் தட்டணு செலுத்தப்பட்டது; மறு பாதிக்குச் செலுத்தப்படவில்லை. கசிவு முன்னவரில் 21 விழுக்காட்டினருக்கும் பின்னவரில் 26 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. புள்ளியியல் நோக்கில் அது பொருட்படுத்தத் தக்க வேறுபாடு அன்று. ஒவ்வாமை முதலான பக்க விளைவுகளோ தட்டணு பெற்றவர்களிடம் 13, பெறாதவர்களிடம் 2. வைரஸின் வேகம் அடங்கியதும் மஜ்ஜை தானாகவே மீண்டெழுந்து, எண்ணிக்கை இரண்டு மூன்று நாளில் ஏறிவிடும். அந்த ஏற்றம் வரும் நாளில் எது கொடுக்கப்பட்டிருந்தாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும். பப்பாளி இலைச்சாற்றின் பெருமைக்குப் பின்னாலும், தேவையின்றி ஏற்றப்பட்ட பல தட்டணுப் பைகளின் பெருமைக்குப் பின்னாலும் இந்தக் காலப் பொருத்தம் இருக்கிறது. கடுமையான கசிவு உள்ள டெங்கு நோயாளிக்குத் தட்டணு தேவை என்பதில் ஐயமில்லை. எண்ணைப் பார்த்துக் கொடுப்பதே கேள்விக்குரியது.

எதிர்ப்பொருள்களால் தட்டணுக்கள் அழியும் நோயைப் புரியவைத்தது ஒரு துணிகரச் செயல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்னும் இளம் மருத்துவர், இந்நோய் கண்ட பெண் ஒருவரின் இரத்தத்தை 1950இல் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணு எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வீழ்ந்து, தோலில் செம்புள்ளிகள் தோன்றி, நாள்கள் கழிந்த பின்னரே நிலை சீரடைந்தது. குற்றவாளி பிளாஸ்மாவில் உள்ள ஏதோ ஒரு பொருள் என்பது அதனால் உறுதியானது. அது எதிர்ப்பொருளே என்று பின்னர்த் தெரிந்தது. ஐ.டி.பி. எனப்படும் இந்நோயில் வெளியிலிருந்து வரும் தட்டணுக்களும் சொந்தத் தட்டணுக்களின் கதியையே அடையும் என்பதால், உயிருக்கு ஆபத்தான கசிவு இருந்தாலன்றி அவற்றைக் கொடுப்பதில்லை. மாறாக, பால் இம்பாக் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் 1981இல் காட்டியபடி, ஆயிரக்கணக்கான கொடையாளரின் பிளாஸ்மாவிலிருந்து திரட்டப்பட்ட இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியே செலுத்தினால் அழிவு தணிந்து எண்ணிக்கை விரைந்து ஏறும். பிளாஸ்மாவில் உள்ள ஒரு பொருள் நோயாகவும், பிளாஸ்மாவிலிருந்தே எடுத்த அதே இனப் பொருள் மருந்தாகவும் அமைவது மருத்துவத்தின் விநோதங்களில் ஒன்று.

இதனினும் விநோதமானது டி.டி.பி. என்னும் அரிய நோய். நியூயார்க்கில் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி சில நாளில் இறந்ததை 1924இல் எலி மோஷ்கோவிட்ஸ் விவரித்தபோது, அவளுடைய நுண்குழாய்கள் எங்கும் சிறு உறைவுகள் அடைத்திருந்தன. அதன் காரணம் துலங்க முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தட்டணுக்களைக் குழாய்ச்சுவரோடு ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணி என்னும் புரதம், முதலில் மிக நீண்ட சங்கிலிகளாகவே வெளிவருகிறது. அவற்றைத் துண்டாக்கும் கத்தரிக்கோலாக ‘ஆடம்ட்ஸ்-13’ என்னும் நொதி பிளாஸ்மாவில் உலவுகிறது. அந்நொதி இல்லாமலோ எதிர்ப்பொருளால் முடக்கப்பட்டோ போனால், வெட்டப்படாத சங்கிலிகளில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகச் சிக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் செல்லும் நுண்குழாய்களை அடைக்கின்றன. எண்ணிக்கை குறைவாகத் தெரிவது தட்டணு இல்லாததால் அன்று, அவை அடைப்பில் செலவாவதால். அங்கே மேலும் தட்டணுக்களைக் கொட்டுவது அடைப்புக்குப் பொருள் சேர்ப்பதாக முடியலாம் என்பதால் மருத்துவர்கள் பொதுவாக அதைத் தவிர்க்கின்றனர். சிகிச்சை இல்லாதபோது பத்துப் பேரில் ஒன்பது பேரைக் கொன்ற இந்நோய்க்குத் தீர்வாக அமைந்தது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை: நோயாளியின் பிளாஸ்மாவை எந்திரத்தால் வடித்து நீக்கி, கொடையாளரின் பிளாஸ்மாவை அதற்கு ஈடாக நிரப்புவது. இதனால் முடக்கும் எதிர்ப்பொருள் வெளியேற, கத்தரிக்கோல் உள்ளே வருகிறது. கனடாவில் நடந்து 1991இல் வெளியான ஆய்வில், மாற்றுச் சிகிச்சை பெற்றோரில் 78 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குப் பின் உயிரோடிருந்தனர். பிளாஸ்மாவை வெறுமனே ஏற்றிக்கொண்டோரில் 63 விழுக்காட்டினர். நொதியின் பெயர்கூடத் தெரியாத காலத்திலேயே மருந்து கண்டறியப்பட்டுவிட்டது.

பிளாஸ்மா பெரும்பாலும் எஃப்.எஃப்.பி. என்ற பெயரில் வார்டுக்கு வருகிறது. கொடையிலிருந்து சில மணி நேரத்துக்குள் பிரிக்கப்பட்டு உறைய வைக்கப்பட்ட பிளாஸ்மா என்பது அதன் பொருள். உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் என்பது அதன் அளவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மூன்று நான்கு பைகள் தேவைப்படும். இரத்தப் பிரிவுப் பொருத்தம் இங்கே தலைகீழாகும் என்பது பலரும் அறியாத செய்தி. சிவப்பணுக்களை எல்லோருக்கும் தரக்கூடிய ஓ பிரிவினரின் பிளாஸ்மாவில் ஏ, பி ஆகிய இரண்டுக்குமான எதிர்ப்பொருள்கள் இருப்பதால், அது ஓ பிரிவினருக்கு மட்டுமே பொருந்தும். தம் பிரிவினருக்கு மட்டுமே சிவப்பணு தரக்கூடிய ஏபி பிரிவினரின் பிளாஸ்மாவே எல்லோருக்கும் ஏற்றது.

இந்த எஃப்.எஃப்.பி. பெருமளவில் வீணாக்கப்படுவது, உறைதல் சோதனைச் சீட்டில் எண் சற்று உயர்ந்திருப்பதைக் கண்டு, சிறு ஊசிச் சிகிச்சைக்கு முன் ‘சரிசெய்ய’ ஏற்றப்படும்போதுதான். ஐ.என்.ஆர். எனப்படும் அவ்வளவு மிதமாக உயர்ந்திருந்த 121 பேருக்குப் பிளாஸ்மா கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், அது இயல்புக்குத் திரும்பியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானோருக்கே. நன்கொடையாகக் கிடைத்த பிளாஸ்மாவின் ஐ.என்.ஆர். அளவே ஒன்றுக்குச் சற்று மேலே இருக்கும்போது, வெதுவெதுப்பான நீரில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிச் சூடாக்க முயல்வதைப் போன்றது அது. ஈரல் சுருக்க நோயில் நிலைமை இன்னும் நுட்பமானது: உறையச் செய்யும் புரதங்களும் உறைதலைத் தடுக்கும் புரதங்களும் ஈரலிலேயே உருவாவதால் இரண்டும் சேர்ந்தே குறைந்து, தராசு தாழ்ந்த நிலையில் சமமாக நிற்கும், சோதனை அதில் ஒரு தட்டை மட்டுமே அளக்கிறது.

உறைந்த பிளாஸ்மாவைக் குளிர்ந்த நிலையிலேயே மெல்ல உருக்கினால் அடியில் கரையாது தங்கும் வெண்கசடு, இரத்தம் உறையாமைப் பிறவிநோயான ஹீமோஃபிலியாவில் இல்லாத எட்டாம் காரணியைச் செறிவாகக் கொண்டது என்பதை 1960களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜூடித் பூல் கண்டறிந்தார். கிரையோ என்று சுருக்கி வழங்கும் அப்பொருள், இன்று ஹீமோஃபிலியாவைவிடப் பிரசவ அறையிலேயே கூடுதலாக நினைக்கப்பட வேண்டியது. நிறைமாதக் கர்ப்பிணியின் இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு நான்கு முதல் ஆறு கிராம் வரை உயர்ந்திருக்கும். பேற்றுக்குப் பின் பெருங்கசிவு தொடங்கும் நேரத்தில் அது இரண்டு கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால், கசிவு கட்டுமீறப் போகிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி. ஏனையோருக்கு இயல்பின் கீழெல்லையாகக் கருதப்படும் அளவு, அவளுக்கு அபாய மணி. லிட்டர் கணக்கில் பிளாஸ்மா ஏற்றியும் உயராத ஃபைப்ரினோஜன், பதினைந்து இருபது மில்லிலிட்டர் அளவே உள்ள கிரையோ பைகள் சிலவற்றால் உயரும்.

விரியன் கடி இதற்கு மறுபக்கம். கண்ணாடி விரியனின் நஞ்சு உறைதல் காரணிகளைத் தூண்டிவிட்டு, ஃபைப்ரினோஜன் அனைத்தும் எரிந்து தீரும் வரை ஓயாமல் செலவழிப்பதால், குழாயில் எடுத்த இரத்தம் இருபது நிமிடம் கழிந்தும் உறையாமல் நீராகவே நிற்கும். நஞ்சு உள்ளே இருக்கும்போதே பிளாஸ்மா ஏற்றுவது எரியும் அடுப்பில் விறகு சொருகுவதாகும். முதலில் வேண்டியது நச்சு முறிவு மருந்து. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்பொருளே அம்மருந்து என்பதால், அதுவும் ஒரு பிளாஸ்மா சிகிச்சையே. நச்சு முறிவு மருந்துக்குப் பின் பிளாஸ்மா கொடுப்பது உறைதலைச் சற்று விரைவாக மீட்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வு காட்டினாலும், நோயாளி வீடு திரும்பும் நாள் அதனால் முந்தவில்லை.

விபத்தில் இரத்தம் பெருக்கெடுக்கும்போது மட்டும் சீட்டுக்காகக் காத்திருப்பது தவறு. அங்கே சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் ஏறத்தாழச் சமபங்கில் கொடுப்பதே போர்க்களங்கள் கற்பித்து, 2015இல் 680 பேரிடம் நடந்த ஆய்வும் ஓரளவு ஆதரித்த நடைமுறை.

மற்றவர் உடலில் விளைந்த எதிர்ப்பொருளைக் கடன் வாங்கும் எண்ணம் பழையது. தொண்டை அடைப்பானுக்கு எதிராக அதை நிலைநாட்டிய எமில் ஃபான் பேரிங்குக்கே 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு போய்ச் சேர்ந்தது. அர்ஜென்டினாவின் இரத்தக்கசிவுக் காய்ச்சலில், நோய் தொடங்கிய எட்டு நாளுக்குள் குணமடைந்தவரின் பிளாஸ்மாவைப் பெற்றோரில் 1.1 விழுக்காட்டினரும், சாதாரண பிளாஸ்மா பெற்றோரில் 16.5 விழுக்காட்டினரும் இறந்ததாக 1979இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கொரோனாத் தொற்றின்போது இதே நம்பிக்கை மீண்டும் பொங்கியது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் 2020 ஜூலையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. கொடையாளர் தேடும் வேண்டுகோள்கள் நாடெங்கும் பறந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், இறப்போ கடுநிலையோ பிளாஸ்மா பெற்றோரில் 19 விழுக்காடாகவும் பெறாதோரில் 18 விழுக்காடாகவும் இருந்தது. பிரிட்டனில் 11,558 பேரிடம் நடந்த ஆய்வும் இறப்பில் வேறுபாடு காணவில்லை. 2021 மே மாதத்தில் இந்திய வழிகாட்டு நெறிகளிலிருந்து அச்சிகிச்சை நீக்கப்பட்டது. தோல்வியின் விளக்கம் காலத்தில் இருக்கிறது. மருத்துவமனையில் படுத்துவிட்ட நோயாளியிடம் பெரும்பாலும் சொந்த எதிர்ப்பொருளே உருவாகிவிட்டிருக்கும். அப்போது அவரை வாட்டுவது வைரஸைவிட அழற்சியே. அர்ஜென்டினாவில் முதியோருக்கு, நோய்க்குறி தோன்றிய 72 மணி நேரத்துக்குள், எதிர்ப்பொருள் செறிந்த பிளாஸ்மா கொடுக்கப்பட்டபோது கடுநிலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளில் யாரும் பிளாஸ்மா தேடி அலைவதில்லை. மூச்சுத் திணறும்போதே அலைகிறார்கள்.

பிளாஸ்மா தொழிற்சாலைப் பொருளானது எட்வின் கோன் என்னும் ஹார்வர்டு வேதியியலாளரால். குளிர்ந்த எத்தனாலில் புரதங்களைப் படிப்படியாகப் பிரிக்கும் அவருடைய முறையால் கிடைத்த ஆல்புமின், 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதலில் காயமுற்றோருக்குப் பயன்பட்டது. ஆர்எச் பொருத்தமின்மையால் கருவின் சிவப்பணுக்கள் அழியாமல் காக்கும் ஆன்டி-டி ஊசியும் பிளாஸ்மாவிலிருந்தே வருகிறது. 1,173 முறை கொடையளித்த ஆஸ்திரேலியர் ஜேம்ஸ் ஹாரிசனின் பிளாஸ்மா, ஏறத்தாழ 24 லட்சம் குழந்தைகளுக்கு உதவியதாகக் கணக்கிடப்படுகிறது. ஆயிரம் பேரின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலப்பதன் மறுபக்கம் 1980களில் வெளிப்பட்டது: எச்.ஐ.வி. கலந்த உறைதல் காரணி மருந்தால் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான ஹீமோஃபிலியா நோயாளிகள் தொற்றுக்குள்ளாயினர். வெப்பமும் கரைப்பான்களும் கொண்டு வைரஸை அழிக்கும் முறைகள் அந்தப் பேரழிவுக்குப் பின்னரே கட்டாயமாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் நடத்திய சோதனையால் தெரியவந்தது. பத்தாண்டு கழித்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால், பணத்துக்காக இரத்தம் தருவோரிடமிருந்து பெறுவது 1998 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது.

சொந்த இரத்தத்திலிருந்தே தட்டணுச் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து மூட்டிலோ தலைத்தோலிலோ செலுத்தும் பி.ஆர்.பி. சிகிச்சை, சிறுநகர மருத்துவ நிலையங்களின் பெயர்ப்பலகை வரை வந்துவிட்டது. தட்டணுக்களுக்குள் திசு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் பொதிந்திருப்பது உண்மை. ஆனால் முழங்கால் தேய்மானம் கொண்ட 288 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் அது உப்புநீர் ஊசியை விஞ்சவில்லை. பெயர்ப்பலகைகள் ஆய்வுகளைவிட வேகமாகப் பரவுகின்றன.

தட்டணுவைக் குளிர்பெட்டியில் வைப்பதில்லை என்ற விதி 1969ஆம் ஆண்டு ஆய்வொன்றிலிருந்து பிறந்தது. குளிரூட்டப்பட்ட தட்டணுக்களின் மேற்பரப்பு மாறிவிடுவதால், உடலில் செலுத்தியதும் ஈரல் அவற்றை விரைந்து விழுங்கிவிடுகிறது. அறை வெப்பத்தில் வைத்தவையோ பல நாள் சுற்றி வருகின்றன. புற்றுநோயாளியின் முன்காப்புக்கு நீண்ட வாழ்நாளே வேண்டும் என்பதால் விதி நிலைத்தது. ஆனால் குளிர்ந்த தட்டணுக்கள் காயத்தில் ஒட்டிக்கொள்வதில் சுறுசுறுப்பானவை. பாக்டீரியாவும் அவற்றில் எளிதாகப் பெருகாது. கசிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு அடுத்த வாரத்துத் தட்டணு எதற்கு என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் எழ, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல், வழக்கமான தட்டணு கிடைக்காத அல்லது பயன்படுத்த இயலாத நிலையில், கசிவு உள்ளவர்களுக்கு மட்டும், குளிரில் வைத்த தட்டணுவை 14 நாள் வரை பயன்படுத்த வழிவிட்டது. ஆடும் தட்டில் ஐந்து நாள் காத்திருக்கும் பையும், குளிர்பெட்டியில் அசையாமல் இரண்டு வாரம் கிடக்கும் பையும் இனி ஒரே இரத்த வங்கியில் அருகருகே இருக்கக்கூடும். வார்டிலிருந்து வரும் கோரிக்கைச் சீட்டில் எண்ணிக்கையோடு, தட்டணு எதற்காக என்பதையும் எழுதியாக வேண்டியிருக்கும்.